பரங்கிக்கு இருபது பல்

...மூடி மட்டும் பிசகில்லாமல் வந்துவிட்டது, அதில் ஷூஷனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, கத்தியைச் சற்றே உட்பக்கம் சாய்த்துப் பிடித்து வட்டமாக அறுத்தால் மூடி உள்ளே விழாமல் உட்காரும், ஆர்மீனியாவில், அவள் ஊரான கியூம்ரியில், எல்லா அடுப்படிக்கும் தெரிந்த சங்கதி இது, ஆனால் அங்கே மூடியைத் திறப்பது அரிசியும் உலர்ந்த ஆப்ரிகாட்டும் திராட்சையும் தேனும் உள்ளே கொட்டி, திரும்ப மூடி, அடுப்புக்குள் தள்ளுவதற்கு... இங்கே திறப்பது ஒரு மூஞ்சியை வெட்டி, உள்ளே மெழுகுவத்தியை ஏற்றி, வாசலில் உட்காரவைத்து, இன்று ராத்திரி பேய் வேஷம் போட்டு மிட்டாய் கேட்டு வீடு வீடாக வரும் பிள்ளைகளைப் பயமுறுத்துவதற்கு. பயமுறுத்தினால்தான் பிள்ளைகள் வருமாம், என்ன ஊரோ. காலையில் பக்கத்து வீட்டு டோரீன் இந்தப் பரங்கிக்காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து படியில் வைத்தாள், முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள், ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் கடைசி இருக்கையை அதட்டுகிற குரல் அப்படியே இருக்கிறது. "இந்தத் தெருவுலயே உன் வாசல்தான் மொட்டையா கெடக்கு கண்ணு. பரங்கி வெளக்கு இல்லாத படியை எந்தப் புள்ளையும் மிதிக்காது. அப்புறம் நீ வாங்கி வச்ச சாக்லேட்டை எல்லாம் நீயும் உன் புருஷனுமா உக்காந்து திங்க வேண்டியதுதான்" என்றாள். அதற்கு இவள் கேட்ட கேள்வி இருக்கிறதே, நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது, "இது வேக எவ்வளவு நேரம் ஆகும், டிகின் டோரீன்?" என்று கேட்டுவிட்டாள். மூத்த பெண்களை டிகின் போடாமல் கூப்பிட அவளுக்கு இன்னும் நாக்கு வரவில்லை, டோரீனும் அதைத் தன் பெயரில் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டுவிட்டாள். "வேகவா? தின்னு பாரேன், வாயில வெறும் தண்ணிதான் நிக்கும். இது மூஞ்சி வெட்டறதுக்கு வளத்தது. உனக்கென்ன, நீதான் பல் டாக்டராமே, உன் புருஷன் சொன்னார், கத்தி புடிக்கத் தெரியாதா உனக்கு?" ஷூஷன் சிரித்துவைத்தாள். கத்தி பிடிக்கத் தெரியும் டிகின் டோரீன், பிடித்த கை நடுங்காமல் இருக்கத்தான் தெரியவில்லை என்று வாசற்படியில் நின்றுகொண்டு யாரிடம் சொல்வது.

சாப்பாட்டுக் கரண்டி வழுக்குகிறது, நார் நாராக இழுத்துக்கொண்டு வருகிறது உள்ளிருக்கும் சமாசாரம், விதைகளைத் தனியே ஒரு தட்டில் போட்டாள், விதையையாவது உப்புப் போட்டு வறுத்துத் தின்னலாம், அதற்குக்கூடவா தடை... போன நவம்பரில் வந்து இறங்கியபோது தெருவோரமெல்லாம் பரங்கிக்காய்கள் மூஞ்சி சுருங்கி அழுகிக் கிடந்தன, என்ன ஷூஷன் ஜான் இது, சாப்பாட்டை வெட்டி வெட்டித் தெருவில் போட்டிருக்கிறார்கள் என்று புருஷன் வாஹே காருக்குள் குசுகுசுத்தான், ஜான் என்றால் அவர்கள் மொழியில் கண்ணு மாதிரி, இந்த வருஷம் அந்தப் பட்டியலில் நாமும் சேர்ந்தாயிற்று. மேசையின் அந்தக் கோடியில் மடிக்கணினி. பார்க்காதே. பார்க்கக் கூடாது என்றுதானே செய்தித்தாளை அதன்மேல் போட்டாள், ஆனால் தாளின் அடியில் அது விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. இந்த நாட்டில் பல் டாக்டராக உரிமம் தருகிற தேர்வுக்கான விண்ணப்பம் முழுக்க நிரப்பியாயிற்று, பெயர், பிறந்த தேதி, படித்த கல்லூரி, எத்தனை வருஷம் பல் மருத்துவம் பார்த்தாய், பதின்மூன்று, முன்பு இந்தத் தேர்வை எழுதியிருக்கிறாயா, ஆம், தேறினாயா, இல்லை... மிச்சம் இருப்பது ஒரே ஒரு பொத்தான், இன்று சாயங்காலம் ஆறு மணிவரைதான் அது அழுந்தும், அழுத்தாவிட்டால் அடுத்த கோடைதான், அதுவரை ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கலாம், நான்கு மூலையும் சேரும்படி மடிப்பதில் அங்கே அவளை மிஞ்ச ஆளில்லை, மேற்பார்வையாளர் வாயாலேயே பாராட்டு வாங்கியாயிற்று, பதின்மூன்று வருஷ அனுபவம் வீண் போகவில்லை பார்.

கை நடுங்குகிறதா இப்போது? இல்லை. வீட்டில் எப்போது நடுங்கியது, தினமும் காலையில் தேநீரை விளிம்புவரை ஊற்றி அடுப்படியிலிருந்து கூடம்வரை எடுத்துப்போய்ப் பார்க்கிறாளே, ஒரு சொட்டு சிந்தியதில்லை, மருத்துவரும் கையை நீட்டு, மூக்கைத் தொடு, விரலைத் தொடு என்று எல்லாம் பார்த்துவிட்டு உனக்கு ஒன்றுமில்லையம்மா என்று அனுப்பிவிட்டார். அப்புறம் ஜூன் மாதம் டொரன்டோவில் என்ன வந்தது அதற்கு? தேர்வு நடக்கிற பெரிய கூடம், வரிசையாக நாற்பது பிளாஸ்டிக் தலைகள், ரப்பர்க் கன்னம், வாயைப் பிளந்துகொண்டு எல்லாம் கூரையைப் பார்க்கின்றன, நாற்பது பேரும் மூச்சுக்கூட விடாமல் குனிந்து வேலை செய்கிறார்கள், டிரில் சத்தத்தைத் தவிர ஒரு சத்தம் இல்லை... கீழ்க்கடைவாயில் ஒரு சின்னக் குழி எடுக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை, பதின்மூன்று வருஷத்தில் எத்தனை ஆயிரம் செய்திருப்பாள், அன்றைக்குப் பார்த்து மணிக்கட்டில் ஆரம்பித்தது, மெல்ல விரலுக்கு வந்தது, டிரில் பக்கத்துப் பல்லைத் தொட்டுவிட்டது. தொட்டது தொட்டதுதான், அதோடு முடிந்தது. பக்கத்துப் பல்லில் கீறல் என்று ஒரே வரியில் முடிவு அனுப்பினார்கள், நியாயம்தான், அவளாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பாள். இன்னொரு தடவை போய், இன்னொரு தடவை நடுங்கினால்? அப்புறம் கியூம்ரியில் இருந்த அந்த டாக்டர் யார், அவள் எங்கே போனாள்?

தொலைபேசி மணி அடித்தது, வாஹேதான், லாரி பட்டறையில் தேநீர் இடைவேளை. "அனுப்பிட்டியா, ஷூஷன் ஜான்?" "பரங்கிக்கா வெட்டிட்டு இருக்கேன்." "அட, அரிசி ஊற வச்சிட்டியா?" "திங்கறதுக்கு இல்ல. வாசல்ல வைக்க." அந்தப் பக்கம் மனிதன் கணக்குப் போடுகிறான், மனைவிக்கு என்ன ஆயிற்று என்று. "சரி, வரும்போது தேன் வாங்கிட்டு வரணுமா வேணாமா, அதை மட்டும் சொல்லு." "வேணாம்." "அதை அனுப்பு, ஷூஷன். கை நடுங்கினா நடுங்கிட்டுப் போகட்டும்." "உனக்கென்னப்பா, நட்டு போல்ட்டுக்கு வலிக்கவா போகுது." "பிளாஸ்டிக் தலைக்கு மட்டும் வலிக்குதாக்கும்?" என்று அவன் கேட்டதும் இவளுக்குச் சுருக்கென்றது, விதை அடுப்பில் இருக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்துவிட்டாள். விதை தட்டில்தான் இருந்தது. மணி மூன்றே முக்கால்.

மூஞ்சிக்கு மாதிரியாக டோரீன் ஒரு அட்டை கொடுத்திருந்தாள், கடையில் விற்பது, முக்கோணமாக இரண்டு கண், முக்கோணமாக ஒரு மூக்கு, வாயில்... ஷூஷன் அட்டையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், வாயில் மொத்தம் மூன்று பல். மேலே இரண்டு, கீழே ஒன்று, அதுவும் ஒன்றோடொன்று சேராத இடத்தில். இவன் எப்படிச் சாப்பிடுவான்? ஆப்பிளைக் கடிக்கத்தான் முடியுமா இவனால்? ஊர் முழுக்க, வாசலுக்கு வாசல், இப்படிப் பொக்கைவாயோடு உட்காரவைத்து விளக்கும் ஏற்றிக் காட்டுகிறார்கள், ஒரு பல் டாக்டருக்குக்கூடவா கண் உறுத்தவில்லை? கண்களை மட்டும் அட்டையில் உள்ளபடி அறுத்தாள், டோரீன் கொடுத்த ஆரஞ்சுப் பிடி போட்ட குட்டி ரம்பம் அதற்குப் போதும், மூக்கையும் ஒப்பேற்றினாள், வாய்க்கு வந்ததும் ரம்பம் கையில் நிற்கவே மறுத்தது, இதால் எப்படிப் பல் செதுக்க... எழுந்துபோய் அலமாரியின் மேல்தட்டில் கம்பளிகளுக்குப் பின்னால் இருந்த துணிச்சுருளை எடுத்து வந்தாள். ஜூனுக்குப் பிறகு அதை அவிழ்க்கவில்லை. சொத்தை சுரண்டுகிற சின்னக் கரண்டி, மெழுகு செதுக்குகிற கத்தி, நுனி வளைந்த கண்ணாடி, எல்லாம் கியூம்ரியிலிருந்து பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவந்தவை, ஒவ்வொன்றும் அதனதன் மடிப்பில் படுத்திருந்தது. கைகழுவப் போனாள். பரங்கிக்காய்க்காகவா கை கழுவுகிறாய் பைத்தியக்காரி என்று தன்னையே கேட்டுக்கொண்டு முழங்கைவரை சோப்புப் போட்டாள்.

முதலில் தோலை மட்டும் சீவ வேண்டும், சுவரை ஓட்டை போடக் கூடாது, தோல் போனால் உள்ளே வெளிர்மஞ்சள், பல்லுக்கு ஏற்ற நிறம்தான், கொஞ்சம் காபி அதிகம் குடிக்கிறவன் என்று வைத்துக்கொள்ளலாம்... "எங்க, நல்லா தொறங்க. தொறக்க முடியலயா, பரவாயில்ல, நானே தொறந்துக்கறேன். எவ்வளவு நாளாச்சு டாக்டர்கிட்ட வந்து?" முன்பல் இரண்டும் அகலம், பக்கத்தில் ஒடுக்கமாக இரண்டு, அப்புறம் கோரைப்பல், அதன் நுனி மட்டும் ஒரு மயிரிழை கீழே இறங்க வேண்டும், அப்போதுதான் சிரிப்புக்கு ஒரு குறும்பு வரும். "அசையாதீங்க ஜான், ரெண்டே நிமிஷம், இந்த வருஷம் வயல்ல மழை எப்படி? அப்படியா, அதான் இவ்வளவு தண்ணி கட்டியிருக்கு உள்ள." கியூம்ரியில் ரொட்டிக்கடை கராபெத் அப்படித்தான், நாற்காலியில் உட்கார்ந்த மறுநிமிஷம் வியர்த்துக் கொட்டும், ஆறடி ஆள், ஊசியைப் பார்த்தால் எழுந்து ஓடுவான், அவனிடம் அவன் மருமகள் புராணத்தை எடுத்துவிட்டால் போதும், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே மருமகளை ஒரு பிடி பிடிப்பான், அதற்குள் இவள் பல்லை முடித்துக் கையையும் துடைத்திருப்பாள். ஷூஷன் டாக்டரின் ஊசியைவிட அவள் பேச்சுதான் சீக்கிரம் மரத்துப்போக வைக்கும் என்று ஊரில் கேலி செய்வார்கள், வாயாடி டாக்டர் என்று ஒரு பட்டப்பெயர்கூட... "பாருங்க, மேல் வரிசை முடிஞ்சுது. வலிச்சுதா? வலிக்கவே வலிக்காது. இப்ப கீழ. உங்களுக்கு மருமக உண்டா?" கீழ்ப்பற்கள் மேலே போய் உட்காருகிற இடம்தான் முக்கியம், அரை மயிரிழை பிசகினாலும் தாடை நோகும், ஒன்று, இரண்டு, மூன்று, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மெழுகுக்கத்தியின் நுனி மட்டும் போய் வர வேண்டும், பக்கத்துப் பல்லைத் தொடக் கூடாது... வெளியே மேப்பிள் இலைகளைப் பெருக்குகிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. மேலே பத்து, கீழே பத்து, ஈறு ஓரத்தில் தோலை லேசாகச் சுழித்துவிட்டு நிமிர்ந்தபோது முதுகு வலித்தது, வயிறு பசித்தது, ஐந்து இருபது ஆகியிருந்தது. பரங்கிக்காய் அவளைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தது, இந்தத் தெருவிலேயே நல்ல பல் இதற்குத்தான்.

தூக்கிக்கொண்டுபோய் வாசற்படியில் வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, மூடியைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு இறங்கி நின்று பார்த்தாள். இலை பெருக்கும் துடைப்பத்தோடு டோரீனும் வந்து நின்றாள். கண் இரண்டும் எரிந்தன, மூக்கு எரிந்தது, அதற்குக் கீழே கும்மிருட்டு. இருபது பல்லில் ஒரு பல்கூடத் தெரியவில்லை. எதிர்வீட்டு மூன்றுபல் பொக்கைவாய் பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. டோரீன் கிட்டே போய்க் குனிந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நெடுநேரம் பார்த்தாள். "யம்மா, இது என் பல்லைவிட நல்லாருக்கே. ஆனா வாயைத் தொறக்க மாட்டேங்கறானே கண்ணு. டாக்டர் வீட்டு வாசல்ல உக்காந்திருக்கோம்னு பயமா இவனுக்கு?" ஷூஷனுக்கு முகம் தொங்கிவிட்டது, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் அத்தனை கச்சிதமாகப் பொருந்தியிருக்கின்றன, காற்றுக்கூடப் புகாது, வெளிச்சம் எங்கே புகும், எந்த மக்காவது விளக்குக்கு இப்படி ஒரு வாய் வைப்பாளா... "ஒண்ணைப் புடுங்கு" என்றாள் டோரீன். "என்னது?" "ஒரு பல்லைப் புடுங்குங்கறேன். சந்து இருந்தாத்தானே வெளக்கு தெரியும்." "நல்ல பல்லை எப்படிப் புடுங்கறது டிகின் டோரீன், நான் அந்த மாதிரி செஞ்சதே இல்ல." டோரீன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தன் உதட்டை விரலால் விலக்கிக் காட்டினாள், மேல் வரிசையில் இடது பக்கம் ஒரு பல்லே இல்லை, இத்தனை நாள் சிரித்தும் இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று. "பதினாலு வயசுல ஐஸ் ஹாக்கி. எங்க அண்ணன் அடிச்சது. கல்யாணத்துக்குப் பொய்ப்பல் கட்டிக்கச் சொன்னாங்க, மாட்டேன்னுட்டேன். இதைப் பாத்துத்தான் பேருந்துல ஒருத்தனும் வாலாட்டல. புடுங்கு, மணியாகுது."

ஷூஷன் படியில் மண்டியிட்டாள். கோரைப்பல்லுக்கு அடுத்தது, டோரீனுக்குப் போன அதே பல், எடுக்கிறதென்றால் அதையே எடுப்போம். "கொஞ்சம் அழுத்தும், வலிக்காது, வேற வழியில்ல ஜான், உன் நல்லதுக்குத்தான்" என்று கத்தியின் நுனியை ஈறோரமாக உள்ளே விட்டாள், இந்தப் பக்கம் ஒரு கீறல், அந்தப் பக்கம் ஒரு கீறல், சுவர் தடிமன் முழுக்க இறக்கிச் சின்னக் கரண்டியால் ஒரு நெம்பு, பல் முழுசாக உள்ளங்கையில் வந்து விழுந்தது, பக்கத்துப் பல் இரண்டும் இருந்தபடியே இருந்தன, ஒரு கீறல் இல்லை. ஓட்டை வழியாக வெளிச்சம் படிக்கட்டில் விழுந்து மெழுகுவத்தியோடு ஆடியது. அந்த ஒற்றை வெளிச்சத்தில் மற்றப் பற்களின் ஓரமும் மங்கலாகத் துலங்க, பரங்கி இப்போதுதான் சரியாகச் சிரித்தது, கொஞ்சம் ரௌடித்தனமாக. "ஆங், இப்ப இந்தத் தெருக்காரன் மாதிரி இருக்கான்" என்றாள் டோரீன். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இரண்டடி போனவள் திரும்பினாள். "அது சரி, மத்தியானம் பூரா யார்கிட்ட பேசிட்டிருந்தே? வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு வார்த்தை விடாம கேட்டுது, ஒண்ணும் புரியத்தான் இல்ல. ஊருக்குப் போன் போட்டியா?" யாரிடமும் பேசவில்லையே டிகின் டோரீன் என்று சொல்ல வாயெடுத்தவள் பரங்கியைத் திரும்பிப் பார்த்தாள்.

பேசினேனா? பேசிக்கொண்டேவா இருந்தேன்? கராபெத்தை நினைத்தது ஞாபகம் இருக்கிறது, மருமகள்... மருமகள் உண்டா என்று கேட்டேனா, பரங்கிக்காயிடமா? உள்ளங்கையில் அந்தப் பல் இருந்தது. கை அதைத் தாங்கிக்கொண்டு நேராக நீண்டிருந்தது, மூன்றே முக்காலிலிருந்து இந்த நிமிஷம்வரை கை என்று ஒன்று இருப்பதே அவளுக்கு ஞாபகம் வரவில்லை, இருபது பல், பதினெட்டு இடைவெளி, ஒன்றில்கூடக் கத்தி தடம் மாறவில்லை. கியூம்ரியில் பதின்மூன்று வருஷமும் வாயை மூடிக்கொண்டு ஒரு பல்லைத் தொட்டிருக்கிறாளா? ஒன்றைச் சொல், ஒரே ஒன்று. டொரன்டோவில் அந்தக் கூடத்தில் எத்தனை மணி நேரம், மூன்றா, ஒரு வார்த்தை பேசினாளா? பேசக் கூடாது என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லையே, நாற்பது பேரும் சும்மா இருந்தார்கள் என்று இவளும் சும்மா இருந்தாள், பிளாஸ்டிக் தலையிடம் என்ன பேச்சு என்று... அப்படியானால் நடுங்கியது கையா? எட்டு மாசமாக... இல்லை, ஜூன், ஜூலை, ஆகஸ்ட், ஐந்து மாசமாக இந்தக் கையைத் தேநீர்க் கோப்பையை வைத்துச் சந்தேகப்பட்டாயே பாவி, அது பாட்டுக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்தபோது சிரிப்பு வந்துவிட்டது, கண்ணிலும் தண்ணீர் வந்தது, துடைக்கப் போய்க் கன்னமெல்லாம் பரங்கி நார்.

ஓடினாள். செய்தித்தாளைத் தூக்கி எறிந்தாள், ஐந்து ஐம்பத்தொன்று, திரை இருண்டு கிடந்தது, தட்டியதும் விழித்தது, விண்ணப்பம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. கடைசிக்கு முந்தைய கட்டம், தேர்வின்போது சிறப்பு வசதி ஏதும் தேவையா, போன வாரம் அதில் இல்லை என்று எழுதியிருந்தாள். அழித்தாள். வேலை செய்யும்போது நோயாளியிடம் பேசிக்கொண்டிருக்க அனுமதி வேண்டும் என்று எழுதினாள். வாசித்துப் பார்த்தாள், நோயாளி பிளாஸ்டிக் என்று அவர்களுக்குத் தெரியுமே, என்ன நினைப்பார்கள், சிரிப்பார்கள், ஒருவேளை முடியாது என்றே சொல்லிவிடுவார்கள், சொல்லட்டுமே, முடியாது என்றால் முணுமுணுத்துக்கொள்வேன், முகமூடிக்குள் உதடு அசைவது யாருக்குத் தெரியும்... வழுவழுப்பில்லாத விரல் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது, இடது சுண்டுவிரல், அதால் பொத்தானை அழுத்தினாள். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்த அதே நேரத்தில் வாசலில் கசகசவென்று காலடிச் சத்தம், "டேய், இதுக்குப் பல்லு பாருடா" என்று ஒரு குரல், "நெஜப் பல்லுடா அது" என்று இன்னொரு குரல், கதவை யாரோ தட்டினார்கள். சாக்லேட் கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதுதான் ஷூஷனுக்கு அது உறைத்தது, மத்தியானம் முழுக்க அவள் பேசியது ஆர்மீனிய மொழியில், இந்த ஊர் வயலில் விளைந்த பரங்கிக்காய் அதைக் கேட்டுக்கொண்டு அசையாமல்தான் இருந்தது, ஆனால் டொரன்டோவில் அந்தத் தலையிடம் எந்த மொழியில் ஆரம்பிப்பது?